மாத்திரை அட்டையின் பின்பக்கம் – வாசகர் கேள்வி பதில்

அரசு மருத்துவமனைகளில் 33 வருடம் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் நீண்ட கைகளைப் பார்த்தே என் வேலைக்காலம் போயிற்று. இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊர் மட்டும் போடுகிறேன், பெயர் வேண்டாம். நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், எதைக் காட்ட வேண்டும் என்று சொல்வதுதான் என் பங்கு.

என் மாமியாருக்கு 68 வயது. பிரஷருக்கு மாதாமாதம் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தஞ்சாவூரில் ஒரு தனியார் டாக்டரிடமும் காட்டுகிறோம்; அவரும் எழுதியிருக்கிறார். மூன்று மாதமாக இரண்டு காலும் வீங்குகிறது. பக்கத்து கிளினிக்கில் நீர் போவதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது எழுந்து நின்றாலே தலை சுற்றுகிறது என்கிறார். அட்டைகளைப் பார்த்தேன். ஒன்றில் அம்லோடிபின் 5 மி.கி. என்று இருக்கிறது. இன்னொன்றில் பெரிய எழுத்தில் ஏதோ ஒரு பெயர், கீழே பொடி எழுத்தில் டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா? – வாசகி, மன்னார்குடி

அந்தப் பொடி எழுத்தைத் தேடிப் படித்தீர்களே அம்மா, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். உங்கள் மாமியார் ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடுகிறார். இங்கே 5, அங்கே 5, ஆக ஒரு நாளைக்கு அம்லோடிபின் 10 மி.கி. பெரியவர்களுக்கு அதிகபட்சமாகக் கொடுக்கும் அளவே அதுதான். அளவு கூடக் கூட கணுக்காலில் வீக்கம் வருவது இந்த மருந்தின் தெரிந்த குணம். வயதான பெண்களுக்கு இன்னும் சுலபமாக வரும்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். மாத்திரையால் வந்திருக்கக்கூடிய வீக்கத்தை வியாதி என்று நினைத்து, அதற்கு நீர் மாத்திரை. நீர் மாத்திரை உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் இறக்கி, ஏற்கெனவே இரட்டிப்பாகக் குறைக்கப்பட்டுக்கொண்டிருந்த பிரஷரை இன்னும் இறக்கும். அதனால்தான் எழுந்தால் தலை சுற்றுவது என்று நினைக்கிறேன். இந்த வயதில் தலை சுற்றி விழுந்தால் இடுப்பு எலும்பு போகும். அவர் டாக்டரைப் பார்க்கும் வரை இரவில் பாத்ரூமுக்குத் தனியாக விடாதீர்கள். படுக்கையிலிருந்து எழும்போது கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீடு தேடி வரும் பெண் தன் பதிவேட்டில் உள்ளதைச் சரியாகத்தான் கொடுத்தார். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது நான் சந்தோஷப்பட்டேன். பஸ் ஏறி வர முடியாமல் மாத்திரையையே விட்டுவிட்ட எத்தனையோ பேரை என் ஜன்னலில் பார்த்தவள் நான். தஞ்சாவூர் டாக்டரும் நோயாளிக்கு ஏற்ற மாத்திரையைத்தான் எழுதியிருக்கிறார். நீர் மாத்திரை கொடுத்தவர் கண்ணில் பட்டது வீங்கிய கால். மூன்று பேரும் தனித்தனியாகச் சரி. ஆனால் மூன்று பேர் கொடுத்ததையும் ஒரே இடத்தில் வைத்து ஒருவரும் பார்க்கவில்லை. மருந்தால் வரும் கெடுதலில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. நான் கண்ணால் பார்த்தது இது.

எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகம் என்று வேறு காரணங்களும் உண்டு. அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நாளைக்கே ஒரு மஞ்சப்பையை எடுங்கள். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, காஸ் மாத்திரை, சத்து மாத்திரை, நாட்டு மருந்துக்கடைச் சூரணம், முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம் எல்லாவற்றையும் அதில் போட்டு, டாக்டர் மேசையில் கொட்டி, "இத்தனையும் இவங்க சாப்பிடுறாங்க" என்று சொல்லுங்கள். சீட்டை மட்டும் காட்டாதீர்கள். சீட்டில் இருப்பது அவர் எழுதியது. பையில் இருப்பது உங்கள் மாமியார் விழுங்குவது.

இன்னொன்று. கடையில் ஐந்து மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் மறுபாதியோடு கடையிலேயே தங்கிவிடும். பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அது முடியாவிட்டால், அங்கேயே நின்று பேனாவால் பெயரையும் தேதியையும் எழுதி வாங்குங்கள்.

எங்கள் பையனுக்கு மூன்று வயது, 13 கிலோ. காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் கொடுக்கிறோம். போன தடவை வாங்கிய பாட்டிலில் 125 என்று இருந்தது, இந்தத் தடவை 250. பக்கத்து வீட்டில் சொட்டு மருந்து கொடுத்தார்கள், அதில் 100 என்று இருக்கிறது. எண் குறைவாக இருப்பதால் அதுதான் வீரியம் குறைந்தது என்று என் மனைவி சொல்கிறார். சளி சிரப்பும் சேர்த்துக் கொடுக்கலாமா? – வாசகர், திருப்பூர்

தம்பி, சொட்டு மருந்துதான் மூன்றிலும் வீரியம் அதிகம். இதை இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

125, 250 என்று இருப்பது 5 மில்லியில் உள்ள அளவு. சொட்டு மருந்தில் 100 என்பது 1 மில்லியில் உள்ள அளவு. கணக்குப் போட்டால் 5 மில்லி சொட்டு மருந்தில் 500 மி.கி. வந்துவிடும், பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரை. கைக்குழந்தைக்கு ஒரு மில்லி, அரை மில்லி என்று கொடுப்பதற்காக அப்படிக் கெட்டியாகச் செய்கிறார்கள்.

பாரசிட்டமாலை வயதை வைத்து அல்ல, எடையை வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 15 மி.கி. வரை. உங்கள் பையனுக்கு 13 × 15 = 195. அதாவது 250 பாட்டிலில் 4 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. 125 பாட்டிலில் 8 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. சொட்டு மருந்தில் 2 மில்லிகூட வேண்டாம். போன தடவைப் பழக்கத்தில் 8 மில்லி என்று நினைவு வைத்து, அதையே சொட்டு மருந்தில் ஊற்றினால் 800 மி.கி. உள்ளே போகும். இப்படி இரண்டு நாள் கொடுத்தால் கல்லீரல் தாங்காது. வேளைக்கு வேளை 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் கணக்கு.

வீட்டு ஸ்பூன் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை வார்டில் தாய்மார்கள் வைத்திருந்த ஸ்பூன்களை வாங்கி, ஊசி போடும் சிரிஞ்சால் தண்ணீர் விட்டு அளந்து காட்டினேன். ஒன்றில் 3 மில்லிதான் பிடித்தது, இன்னொன்றில் 7. இரண்டையும் "ஒரு ஸ்பூன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாலாடையில் ஊற்றிப் புகட்டுவது உங்கள் வீட்டு வழக்கம் என்றால் புகட்டுங்கள். ஆனால் பாட்டிலோடு வந்த மூடியிலோ, ஊசி இல்லாத சிரிஞ்சிலோ முதலில் அளந்து, அப்புறம் பாலாடையில் விடுங்கள்.

சளி சிரப் வேண்டாம். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லிவிட்டது. அந்த சிரப்புகள் பலவற்றில் பாரசிட்டமாலும் சேர்ந்திருக்கும். நீங்கள் தனியாகக் கொடுப்பதோடு அதுவும் கூடும். நிமெசுலைடு என்று ஒரு காய்ச்சல் மருந்து உண்டு. 12 வயதுக்குக் கீழே அதைக் கொடுக்க 2011-லிருந்தே தடை. பழைய பாட்டில் ஏதாவது வீட்டில் இருந்தால் பார்த்து எடுத்து வைத்துவிடுங்கள்.

2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவிலிருந்து வந்த செய்தியை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு கலங்குகிறது. இருமல் சிரப் குடித்த 20-க்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருந்தது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அந்தக் குழந்தைகள் பலருக்கு வந்தது சாதாரண சளி, காய்ச்சல்தான். தானாகப் போகிற சளிக்கு மருந்தே தேவையில்லை. உங்கள் பையனுக்கு ஒரு வயது தாண்டிவிட்டதால் இரவில் கொஞ்சம் தேன், வெதுவெதுப்பான தண்ணீர், மூக்கடைப்புக்கு உப்புநீர் சொட்டு போதும். மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தைராய்டுக்கு இரண்டு வருடமாக மாத்திரை போடுகிறேன். அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், டெஸ்டில் குறைகிற வழியைக் காணோம். காலையில் காபியோடுதான் போடுகிறேன். – வாசகி, கும்பகோணம்

காரணம் அந்தக் காபியாக இருக்கலாம். கும்பகோணத்துக்காரரிடம் காபியை விடச் சொல்ல மாட்டேன், தள்ளிப்போடச் சொல்கிறேன். எழுந்ததும் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில் மாத்திரை. அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது போட்டால் அதற்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இருக்கட்டும். இப்படி ஆறு வாரம் தவறாமல் போட்டுவிட்டு மறுபடி டெஸ்ட் எடுத்து, என்ன மாற்றினீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்து இப்போது நன்றாக உள்ளே போகும் என்பதால், கூட்டிய அளவை அவர் குறைக்க வேண்டியிருக்கலாம்.

வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கிப் போடுவேன். இந்த வருடத்தில் மூன்று தடவை போட்டேன். ஒவ்வொரு தடவையும் கீழ் உதட்டில் ஒரே இடத்தில் எரிந்து, சிவந்து, அப்புறம் கருப்பு வட்டமாக நின்றுவிடுகிறது. சிகரெட் பிடிக்கிறேன் என்று வீட்டில் சந்தேகம். எனக்கு அந்தப் பழக்கமே இல்லை. – வாசகர், நாகர்கோவில்

வீட்டில் இந்தப் பதிலைக் காட்டுங்கள். நீங்கள் எழுதியிருப்பது மருந்து ஒவ்வாமையின் அச்சு அசலான அடையாளம். அதே மருந்து உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும், சில மணி நேரத்தில் அதே இடம் மறுபடி எரியும். ஆறியபின் முன்பைவிடக் கருப்பாகும். உதடு, கை, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் அதிகம் வரும். வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, பால்வினை நோயோ என்று மாதக்கணக்கில் பயந்துகொண்டிருந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

வயிற்றுப்போக்குக்குக் கடையில் கொடுக்கும் மாத்திரைகளில் மெட்ரோனிடசோல், ஆர்னிடசோல், ஓஃப்ளாக்சசின் போன்றவை இருக்கும். எல்லாமே இப்படிச் செய்யக்கூடியவை. எது என்று கண்டுபிடிக்க நீங்களாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்காதீர்கள். கடைக்குப் போய் அன்று கொடுத்தது என்ன என்று கேட்டு, பின்பக்கப் பெயரை எழுதிக்கொண்டு ஒரு தோல் டாக்டரைப் பாருங்கள். அவர் உறுதி செய்ததும் அந்தப் பெயரை ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பர்சில், ஆதார் அட்டைக்குப் பின்னால் வையுங்கள். இனி யார் எந்த மருந்து எழுதினாலும் அட்டையை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் சீட்டை வாங்க வேண்டும். வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலே போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். எந்த மருந்து போட்ட பின்னும் காய்ச்சலோடு வாய்க்குள் புண், கண் சிவந்து எரிச்சல், தோல் தொட்டாலே வலி, கொப்புளம், தோல் உரிவது என்று ஆரம்பித்தால் அது வெறும் அலர்ஜி இல்லை. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், போட்ட எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு. வலிப்பு மாத்திரைகளான கார்பமசெபின், ஃபெனிடாயின், யூரிக் ஆசிட்டுக்குக் கொடுக்கும் அல்லோபியூரினால், சல்ஃபா மாத்திரைகள் ஆகியவற்றைப் புதிதாக ஆரம்பித்த முதல் இரண்டு மாதம் கவனமாக இருங்கள். மருந்து போட்டவுடன் முகம், நாக்கு வீங்கி மூச்சு முட்டினால் யோசிக்காமல் 108.

உங்களுக்கு நடந்ததைப் பதிவும் செய்யலாம். இந்திய மருந்தியல் ஆணையம் 1800 180 3024 என்ற இலவச எண்ணை இதற்காகவே வைத்திருக்கிறது. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, நோயாளியே சொல்லலாம். நான் வேலையில் இருந்தபோது இப்படிப் படிவம் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். நாலு பேர் சொன்னால்தான் ஒரு மருந்தின் குணம் மேலே இருப்பவர்களுக்குத் தெரியும்.

எனக்கு மூட்டுவாதம். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடச் சொல்லி மெத்தோட்ரெக்சேட் கொடுத்திருக்கிறார்கள். மற்ற நாளில் ஃபோலிக் ஆசிட். போன ஞாயிறு கல்யாணத்துக்குப் போனதில் மறந்துவிட்டேன். வியாழக்கிழமைதான் ஞாபகம் வந்தது. வருகிற ஞாயிறு இரண்டு நாளுக்கும் சேர்த்துப் போட்டுவிடலாமா? – வாசகி, ராஜபாளையம்

கூடாது. சேர்த்துப் போடவே கூடாது. ஏன் இப்படிப் பதறிச் சொல்கிறேன் என்பதற்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. நான் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் இருந்தேன். நடவு வேலைக்குப் போகிற ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், ஓ.பி. சீட்டோடு என் ஜன்னலுக்கு வந்தார். வாய்ப்புண். சீட்டில் பி காம்ப்ளெக்ஸ் எழுதியிருந்தது, கொடுத்தேன். அன்று எனக்கு முன்னால் நீண்ட வரிசை. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். காய்ச்சல். எச்சில் விழுங்க முடியாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். உதட்டின் உள்பக்கம் முழுக்க வெந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் பையைக் கேட்டேன். வெற்றிலைப் பொட்டலம், ரேஷன் கார்டு, அடியில் ஒரு காகித உறை. உறைக்குள் மெத்தோட்ரெக்சேட் அட்டை, ஒன்பது குழி காலி. வெளியூர் கிளினிக்கில் மூட்டுவலிக்காக எழுதிக் கொடுத்தது. சீட்டில் ஆங்கிலத்தில் வாரம் ஒரு முறை என்று தெளிவாகவே இருந்தது. உறையின் மேல் யாரோ பேனாவால் "இரவு 1" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அந்த அம்மா ஒன்பது இரவும் ஒன்பது மாத்திரை போட்டிருக்கிறார், ஒரு நாள்கூட மறக்காமல்.

இந்த மருந்து, செல்கள் பெருகுவதைத் தடுப்பது. வாரம் ஒரு நாள் போட்டால் மூட்டைக் காக்கும். தினமும் போட்டால், வாயின் உள்தோலும் குடலும் எலும்பு மஜ்ஜையும் புதுச் செல் செய்ய முடியாமல் நின்றுபோகும். வாய்ப்புண்தான் முதல் அறிகுறி. அதைத்தான் நான் சத்துக் குறைவு என்று நினைத்து மஞ்சள் மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தேன். அன்றே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ரத்த அணுக்கள் கீழே போய்விட்டிருந்தன. மாற்று மருந்தாக ஃபோலினிக் ஆசிட் ஏற்றி, மூன்று வாரம் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். அதன் பிறகு வாய்ப்புண் என்று யார் வந்தாலும் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் பையைப் பார்க்காமல் நான் விட்டதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மறந்த மாத்திரை இரண்டு நாளுக்குள், அதாவது செவ்வாய்க்குள் நினைவு வந்திருந்தால் அப்போதே போட்டிருக்கலாம். வியாழன் ஆகிவிட்டதால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். மூட்டு கொஞ்சம் பிடித்துக்கொண்டால்கூட ஒரு வாரத்தைத் தாங்கிக்கொள்ளலாம். ஞாயிறு வழக்கமான அளவு மட்டும்.

ஃபோலிக் ஆசிட் பற்றிய எச்சரிக்கையும் உண்டு. மெத்தோட்ரெக்சேட்டின் பெயர்பெற்ற ஒரு பிராண்டின் பெயரும் "ஃபோலி" என்றுதான் தொடங்குகிறது. இரண்டும் மஞ்சள் நிறச் சின்ன மாத்திரையாகவே பெரும்பாலும் வரும். தினமும் போட வேண்டியதும் வாரம் ஒரு நாள் போட வேண்டியதும் ஒரே டப்பாவில் இருந்தால், மின்சாரம் போன இரவில் கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. மெத்தோட்ரெக்சேட்டை வேறு அலமாரியில் வையுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கோ சளிக்கோ யாராவது சல்ஃபா மாத்திரையான கோட்ரைமாக்சசோல் எழுதினால், "நான் மெத்தோட்ரெக்சேட் போடுகிறேன்" என்று சொல்லி மாற்றி வாங்குங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் அபாயமாகக் குறையும். வலி மாத்திரையையும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்காதீர்கள். மாதா மாதம் அவர் எடுக்கச் சொல்லும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

வாய்க்குள் புண், தொண்டைவலியோடு காய்ச்சல், உடம்பில் காரணமில்லாத கன்றல், வறட்டு இருமலோடு மூச்சுத் திணறல் – இதில் எது வந்தாலும் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

இந்த இதழ் கையில் கிடைத்தவுடன் மாத்திரை அட்டையை எடுத்து, அழியாத பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்று பெரிதாகத் தமிழில் எழுதுங்கள். வீட்டில் இன்னொருவரிடமும் அதைக் காட்டிவிடுங்கள். போட்டதும் சுவர் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். போட்டேனா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.